வேலிச்செடிகளுக்கு நடுவே: ஹாம்ஸ்டெட் கார்டன் சபர்ப் நாட்குறிப்பு

வெள்ளிக்கிழமை, இரவு

லண்டனுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஹாம்ஸ்டெட் கார்டன் சபர்ப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. வடமேற்கு லண்டனில் வீடுகளும் மரங்களும் மட்டுமே உள்ள ஒரு பகுதி அது. ஆனால் தெரு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், ஒரு ஏக்கரில் எத்தனை வீடு கட்டலாம், யாருக்குப் பக்கத்தில் யார் குடியிருக்க வேண்டும் என்றெல்லாம் யோசித்த ஊரமைப்பாளர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்கும் பல வருட ஆசை. சித்தி வீடு ஈஸ்ட் ஃபின்ச்லியில் இருப்பதால் நடந்தே போய்விடலாம்.

"அங்க என்னடா இருக்கு? வெறும் வீடுங்கதானே?" என்றார் சித்தி.

"அந்த வீடுங்களைப் பார்க்கத்தான் வந்திருக்கேன் சித்தி."

"சரி, குடை எடுத்துட்டுப் போ" என்று முடித்துக்கொண்டார். முப்பது வருடமாக அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போய் வருகிறாராம். ஒருநாள்கூட இறங்கியதில்லையாம்.

சனிக்கிழமை

கோல்டர்ஸ் கிரீன் ஸ்டேஷனிலிருந்து தொடங்கினேன். கதை தொடங்குவதும் இங்கேதான். 1907 ஜூன் 22 அன்று இந்த ஸ்டேஷன் திறக்கப்பட்டபோது சுற்றிலும் வயல்தான். லண்டனின் சுரங்க ரயில் வயலுக்குள் வந்து வெளியே தலை நீட்டியது. ரயில் வந்தால் நிலம் மனைகளாகும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன்பே அதை நினைத்துக் கவலைப்பட்டு வேலையில் இறங்கியவர் ஹென்ரியெட்டா பார்னெட்.

அவர் பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் சாமுவேல் பார்னெட் பாதிரியார். கிழக்கு லண்டனில் ஒயிட்சாப்பலின் செயின்ட் ஜூட்ஸ் தேவாலயத்துக்கு 1873-ல் பொறுப்பேற்றார். நகரத்திலேயே மிக ஏழ்மையான இடங்களில் ஒன்று அது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருவரும் அங்கே வேலை செய்தார்கள். பல்கலைக்கழக இளைஞர்கள் ஏழைகளுக்கு நடுவில் வந்து தங்கிப் பணியாற்றுவதற்காக 1884-ல் டாயின்பீ ஹாலைத் தொடங்கியவர்களும் இவர்கள்தான். களைத்துப்போகும் நாட்களில் மூச்சு வாங்க, ஹாம்ஸ்டெட் ஹீத் என்ற பெரிய திறந்தவெளியின் ஓரத்தில் ஒரு வீடு வைத்திருந்தார்கள். அந்த வீட்டைத் தாண்டி இருந்த வயல்வெளிக்குத்தான் ரயில் வருவதாக இருந்தது.

ஹென்ரியெட்டா முதலில் கேட்டது 80 ஏக்கர் திறந்தவெளி. நிலம் ஈட்டன் கல்லூரிக்குச் சொந்தம். பணம் திரட்டி, அதை வாங்க வைத்து, பொதுவெளியாக்கினார். இன்று ஹீத் எக்ஸ்டென்ஷன் என்று அழைக்கப்படுவது அதுதான். இதில் ஒரு பக்கவிளைவு எனக்கு மிகவும் பிடித்தது. ஹாம்ஸ்டெட்டுக்கும் கோல்டர்ஸ் கிரீனுக்கும் இடையில் நார்த் எண்ட் என்று ஒரு ஸ்டேஷன் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். பூமிக்கடியில் பிளாட்பாரம் வரை வேலை நடந்தது. மேலே வீடு வராது என்றான பிறகு ஏறுவதற்குப் பயணிகள் ஏது? அந்த ஸ்டேஷன் திறக்கப்படவே இல்லை. நார்தர்ன் லைன் ரயில்கள் இன்றும் நிற்காமல் அதைக் கடந்து போகின்றன.

திறந்தவெளியோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. 1906-ல் ஒரு டிரஸ்ட் அமைத்தார். பக்கத்திலேயே மேலும் 243 ஏக்கரை ஈட்டனிடமிருந்து டிரஸ்ட் வாங்கியது. அங்கே எல்லா வருமானக்காரர்களும் சேர்ந்து வாழும் ஒரு குடியிருப்பு வர வேண்டும் என்பது திட்டம். அவருடைய நிபந்தனைகளில் சில: வீடுகள் நெருக்கமாக இருக்கக் கூடாது. தெருக்களில் மரம் இருக்க வேண்டும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே சுவர் கூடாது, வேலிச்செடிதான் வேண்டும். காடும் பூங்காவும் எல்லாருக்கும் இலவசம். அமைதி கெடக் கூடாது என்பதால் தேவாலய மணிகூட அடிக்கக் கூடாது. பாதிரியாரின் மனைவி போட்ட நிபந்தனை இது என்பதை மறந்துவிடக் கூடாது.

எச்2 என்றொரு சின்ன பஸ் ஸ்டேஷனிலிருந்து கிளம்பி உள்தெருக்களைச் சுற்றிவிட்டு மறுபடி ஸ்டேஷனுக்கே வருகிறது. உள்ளே பெரும்பாலான தெருக்களில் ஸ்டாப் கிடையாது. கை காட்டினால் நிற்கும். ஆனால் இந்த ஊரை நடந்துதான் பார்க்க வேண்டும். சில நிமிடம் நடந்து ஹாம்ஸ்டெட் வே வந்ததுமே போக்குவரத்துச் சத்தம் அடங்கிவிட்டது. செங்கல் வீடுகள், உயரமான புகைபோக்கிகள், சரிந்து இறங்கும் ஓட்டுக் கூரைகள், ஒவ்வொரு வீட்டுக்கு முன்னும் இடுப்பளவு வெட்டிவிட்ட வேலிச்செடி. அதற்கு மேலே தோட்டம் முழுதாகத் தெரிகிறது. தனியாருடைய தோட்டத்தைத் தெருவில் போகிறவரும் பார்த்து அனுபவிக்கலாம் என்பதுதான் அந்த உயரத்தின் கணக்கு என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை என்பதால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. தெருவெங்கும் யூதக் குடும்பங்கள். அப்பாக்கள் நல்ல உடையில், அம்மாக்கள் குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு, பிள்ளைகள் முன்னால் ஓடிக்கொண்டு, ஜெப ஆலயத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். 1930-களில் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர்கள் கோல்டர்ஸ் கிரீனிலும் இந்தப் பகுதியிலும் குடியேறினார்கள். நோரிஸ் லீயில் உள்ள ஜெப ஆலயம் அந்தப் பத்தாண்டில் வந்ததுதான்.

அந்தக் குழந்தை வண்டிகளுக்குப் பின்னால் ஒரு நீண்ட வழக்கு இருக்கிறது. யூத மரபில் ஓய்வுநாளில் வீட்டுக்கு வெளியே எதையும் சுமக்கவோ தள்ளவோ கூடாது. ஒரு பகுதியைச் சுற்றி எல்லை கட்டி, அதை ஒரே வீடாகக் கருதலாம் என்றும் அதே மரபு வழி சொல்கிறது. அந்த எல்லைதான் எருவ். இருக்கிற சுவர், ரயில் பாதை, சாலை ஓரம் எல்லாம் எல்லையாகும். இடைவெளி வரும் இடத்தில் மட்டும் கம்பம் நட்டு மெல்லிய கம்பி கட்டினால் போதும். வடமேற்கு லண்டனில் ஏறத்தாழ 11 மைல் சுற்றளவுக்கு இதைக் கேட்டபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஊரின் அழகு கெடும் என்றார்கள் சிலர், மதச் சின்னம் பொதுத்தெருவில் எதற்கு என்றார்கள் சிலர். எதிர்த்தவர்களில் யூதர்களும் இருந்தார்கள். பத்தாண்டுக்கும் மேல் இழுத்து, 2003-ல்தான் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனின் முதல் எருவ் அதுதான். அதற்கு முன்னால் மரபை முழுதாகக் கடைப்பிடித்த குடும்பங்களில், கைக்குழந்தை வைத்திருந்த தாய்மார்கள் சனிக்கிழமை முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் இருந்தவர்களும்தான். அந்தக் கம்பங்களில் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்தேன். தெருவிளக்குக் கம்பத்தைவிட மெலிந்தது. இதற்கா அத்தனை சண்டை என்று கேட்கத் தோன்றியது. ஆனால் ஒரு தெரு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எந்த ஊரிலும் சின்னக் கேள்வி ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை

இன்று மேட்டுக்கு ஏறினேன். ஊரின் நடுவில், உயரமான இடத்தில் சென்ட்ரல் ஸ்கொயர். இதை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். ஆமாம், புது டெல்லியின் லட்யன்ஸ்தான். இங்கே வேலை நடந்துகொண்டிருந்த சமயத்தில், 1912-ல்தான் அவர் டெல்லித் திட்டத்துக்காக இந்தியா வந்தார். நேரான அச்சுக்கோடு, அதன் முடிவில் ஒரு கோபுரம் என்ற அவருடைய பாணியை இங்கே சின்ன அளவில் பார்க்கலாம்.

சதுக்கத்தில் செயின்ட் ஜூட்ஸ் தேவாலயமும் ஃப்ரீ சர்ச்சும் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று இங்கிலாந்துத் திருச்சபையுடையது, கூர்கோபுரம் கொண்டது. மற்றது அந்தத் திருச்சபையில் சேராத கிறிஸ்தவர்களுக்கானது, குவிமாடம் கொண்டது. இரண்டும் ஒரே கட்டடக் கலைஞரின் கைவண்ணம், ஒரே செங்கல். பக்கத்திலேயே குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் சின்னக் கூட்ட இல்லமும் இருக்கிறது. அன்றைய இங்கிலாந்தில் ஒரு பாதிரியாரின் மனைவி மற்றப் பிரிவினருக்கும் ஊரின் தலைமாட்டில் சம இடம் கொடுத்தது சாதாரண விஷயம் இல்லை. தேவாலயத்துக்குச் செயின்ட் ஜூட்ஸ் என்ற பெயர் ஒயிட்சாப்பலிலிருந்து வந்தது.

உள்ளே வால்டர் ஸ்டார்மர் வரைந்த சுவரோவியங்கள் கூரைவரை நிறைந்திருக்கின்றன. லேடி சேப்பல் என்ற பகுதியில் வரலாற்றில் பெயர் பெற்ற பெண்களை வரைந்திருக்கிறார். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் உலகப்போரில் இறந்த குதிரைகளுக்கும் இந்தத் தேவாலயத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் இங்கே இசைவிழா நடக்கிறது. 1993-ல் தொடங்கியது, தொண்டர்களே நடத்துவது. அதில் திரளும் பணத்தின் ஒரு பங்கு இன்றும் டாயின்பீ ஹாலுக்குப் போகிறது.

கட்டடங்கள் அழகு. சதுக்கம் வெறிச்சோடிக் கிடக்கிறது. ஞாயிறு காலை பிரார்த்தனை முடிந்ததும் பத்து நிமிடத்தில் எல்லாரும் போய்விட்டார்கள். உட்கார்ந்து ஒரு டீ குடிக்கக் கடை கிடையாது. செய்தித்தாள் வாங்க இடம் கிடையாது. மதுக்கடைக்கும் ஊருக்குள் இடமில்லை என்பது ஹென்ரியெட்டாவின் முடிவு. ஒயிட்சாப்பலில் குடி என்னென்ன செய்தது என்று பார்த்தவர் அப்படி முடிவெடுத்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் கடைகளையும் ஊரின் விளிம்புக்குத் தள்ளியது எனக்குச் சரியாகப் படவில்லை. பிரார்த்தனையும் படிப்பும் மட்டுமே மனிதரைச் சந்திக்க வைக்கும் என்று நினைத்துவிட்டார். சும்மா வந்தவர்கள் சும்மா நிற்க ஒரு இடம் வேண்டாமா? ஊர் கூடுவதற்கென்று ஒதுக்கிய இடத்தில் ஊர் கூடவில்லை.

சதுக்கத்திலிருந்து மேற்கே பார்த்தபடி ஹென்ரியெட்டாவுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. அதுவும் லட்யன்ஸ் செய்ததே. கடைசிக் காலத்தில் அவர் இந்தச் சதுக்கத்தை ஒட்டிய வீட்டில்தான் வாழ்ந்தார். 1936-ல் காலமானார். பெண்களுக்காக அவர் 1911-ல் தொடங்கிய பள்ளி அவருடைய பெயரிலேயே இங்கே நடக்கிறது. கட்டணம் வாங்காத அரசுப் பள்ளி. நுழைவுத் தேர்வில் கடும் போட்டி. சித்தியின் மகள் இரண்டு வருடம் படித்துத் தயாராகித் தேர்வு எழுதினாள், இடம் கிடைக்கவில்லை. இன்று இரவு சாப்பாட்டின்போது அந்தப் பெயரைச் சொன்னதும் வீட்டில் ஒரு நிமிடம் பேச்சு நின்றுபோனது.

திங்கட்கிழமை

வடக்குப் பகுதி. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த இடம் இதுதான், அதனால் இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஊரின் வரைபடம் ரேமண்ட் அன்வின் போட்டது. அதற்கு முன்பு பாரி பார்க்கரோடு சேர்ந்து லெட்ச்வொர்த் தோட்ட நகரத்தை வடிவமைத்தவர். அவருக்கு முன்னால் இருந்த தடை சட்டம். தொழிலாளர் குடியிருப்புகளில் நோய் பரவுவதைத் தடுக்க, தெரு இத்தனை அகலம் இருக்க வேண்டும் என்று உள்ளூர் விதிகள் கட்டாயப்படுத்தின. நல்ல நோக்கம்தான். ஆனால் எல்லாத் தெருவும் ஒரே அகலம், ஒரே நேர்க்கோடு என்றாகிவிட்டது. நிலமும் பணமும் தார்ச்சாலைக்கே போயின. எனவே நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்றினார்கள், 1906-ல். அதன்படி இங்கே ஏக்கருக்குச் சராசரியாக 8 வீடுகளுக்கு மேல் கூடாது. எதிரெதிர் வீடுகளுக்கு நடுவே 50 அடி இடைவெளி வேண்டும். அதற்குப் பதிலாக, 500 அடிக்கு மிகாத சின்னத் தெருக்களில் வண்டிப்பாதை 20 அடி இருந்தால் போதும். சாலையில் மிச்சப்படுத்திய நிலம் தோட்டமானது. முட்டுச்சந்து என்றாலே குறைவாக நினைத்த காலத்தில், அதையே வசிக்க ஆசைப்படும் இடமாக மாற்றினார் அன்வின்.

ஆஸ்மன்ஸ் பிளேஸ் போய்ப் பாருங்கள், நான் சொல்வது புரியும். குறுகலான வாயில் போல் ஆரம்பித்து உள்ளே போனதும் விரிகிறது. இருபுறமும் சின்னச் சின்ன வீடுகள், நடுவில் புல்வெளி. எந்த இரண்டு வீடும் அச்சாக ஒன்றுபோல் இல்லை, ஆனால் எல்லாம் ஒரே குடும்பத்து முகம். ஹாம்ஸ்டெட் வேயில் முதல் வீடுகளுக்காக ஹென்ரியெட்டா மண் வெட்டியது 1907 மே 2-ல். இந்தத் தெரு அடுத்த ஆண்டுக்குள் எழுந்துவிட்டது.

இந்த வீடுகளைக் கட்டிய முறையும் முக்கியம். கட்டியது ஹாம்ஸ்டெட் டெனன்ட்ஸ் என்ற கூட்டுடைமை நிறுவனம். குடியிருப்பவர் வாடகைதாரர், அதே சமயம் நிறுவனத்தில் பங்குதாரர். வெளியிலிருந்து முதல் போட்டவருக்கு 5 சதவீதத்துக்கு மேல் லாபம் கிடையாது. மிஞ்சும் லாபம் வாடகைதாரர்களுக்குப் பங்காக வரும். வீடு தனக்கு மட்டும் சொந்தமில்லை, தெரு முழுதும் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் சொந்தம்.

வில்லிஃபீல்ட் கிரீனில் இவர்களுக்கென்று ஒரு கிளப் ஹவுஸ் இருந்தது. மதுக்கடை இல்லாத ஊரில் மாலை நேரம் கூட அதுதான் இடம். இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சில் அது அழிந்துபோனது. பின்னர் அங்கே ஃபெலோஷிப் ஹவுஸ் வந்தது. முதியவர்கள் கூடும் இடம். நான் போனபோது வாசலில் இரண்டு பாட்டிகள் சூடாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டுக்காரர் வேலிச்செடியைப் பிடுங்கிவிட்டுக் கார் நிறுத்தத் தளம் போடப் பார்க்கிறாராம். நான் நின்று கேட்பதைப் பார்த்து அதில் ஒருவர் என்னையும் சேர்த்துக்கொண்டார். "இன்னைக்கு ஒரு வேலி போனா, நாளைக்கு தெருவே போயிடும்" என்பதே அவர் சொன்னதன் சாரம். எண்பது வயதிருக்கும். இங்கேயே பிறந்தவராம். அப்பா அச்சுக்கோப்பவராம். "இப்போ ஒரு அச்சுக்கோப்பவரால இந்தத் தெருவுல ஒரு ரூம்கூட வாங்க முடியாது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

இந்த ஊரைப் பற்றி நான் படித்த எல்லாவற்றையும்விட அந்த ஒரு வரி கனமானது. கூட்டுடைமை நிறுவனங்கள் காலப்போக்கில் வெளி முதலீட்டாளர் கைக்குப் போய், வீடுகள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டன. தொழிலாளருக்கென்று கட்டிய வீடுகள் இன்று வக்கீல்களும் டாக்டர்களும் போட்டி போட்டு வாங்கும் வீடுகள். உண்மையைச் சொன்னால் ஆரம்பத்திலேயே ஒரு விரிசல் இருந்தது. கைவினைஞர்களின் வீடுகள் வடக்கே, பணக்காரர் மாளிகைகள் தெற்கே ஹீத் ஓரமாக. எல்லாரும் ஒரே ஊர், ஆனால் ஒரே தெரு இல்லை. ஆஸ்மன்ஸ் பிளேஸிலிருந்து லின்னல் டிரைவ் போக இருபது நிமிட நடை. அந்த இருபது நிமிடத்தைக் குறைத்திருந்தால் பின்னால் நடந்தது மாறியிருக்குமா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். மாறியிருக்காது என்றுதான் படுகிறது. நிலத்தின் விலை அடுத்தடுத்த வீட்டையும் விட்டுவைப்பதில்லை.

சாயங்காலம் ஹீத் குளோஸில் வாட்டர்லோ கோர்ட். 1909-ல் பெய்லி ஸ்காட் வடிவமைத்தது. வேலைக்குப் போகும் தனிப் பெண்களுக்கான குடியிருப்பு. நாற்புறமும் வீடுகள், உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றி வளைவுகளோடு தாழ்வாரம். அந்தக் காலத்தில் சம்பாதிக்கும் பெண் தனியாக வீடெடுக்க இடம் கிடைப்பதே அரிது. இங்கே ஒவ்வொருவருக்கும் சொந்தக் கதவு, சொந்தச் சாவி. சாப்பாட்டுக்குப் பொதுக்கூடமும் இருந்தது. விதவைகள், முதியவர்கள், தனிப் பெண்கள் என்று குடும்பம் அல்லாதவர்களையும் குடியிருப்பின் கணக்கில் முதலிலேயே சேர்த்தது ஹென்ரியெட்டாவின் பெரிய காரியம். இன்றைய புதுக் குடியிருப்புத் திட்டங்களில் இதைத் தேட வேண்டியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை

காலையில் பிக் வுட், லிட்டில் வுட். பழைய ஓக் காடுகள். வீடுகள் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முந்தையவை. வரைபடம் போட்டபோது காட்டை வெட்டாமல், காட்டைச் சுற்றித் தெருவை வளைத்தார்கள். லிட்டில் வுட்டுக்குள் மரங்களுக்கு நடுவே ஒரு திறந்தவெளி நாடக அரங்கு இருக்கிறது. கோடையில் ஊர்க்காரர்களே நடிக்கிறார்கள். தோட்டங்களுக்குப் பின்னால் ஓடும் ஒற்றையடிப் பாதைகளை இங்கே ட்விட்டன் என்கிறார்கள். அவற்றில் புகுந்து புகுந்து நடந்தால் ஊரின் பாதியைச் சாலையில் கால் வைக்காமல் கடந்துவிடலாம்.

பெயர் பெற்றவர்கள் வீடுகளையும் பார்த்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹரால்டு வில்சன் பிரதமராகும்வரை குடியிருந்தது சவுத்வேயில். நடிகை எலிசபெத் டெய்லர் 1932-ல் பிறந்தது வைல்ட்வுட் ரோட்டில். அன்வின் தானே வாழ்ந்தது ஊருக்கும் முந்தைய வைல்ட்ஸ் பண்ணை வீட்டில்.

பிறகு ஃபின்ச்லி ரோடு. டெம்பிள் ஃபார்ச்சூன் பக்கம் ஊருக்குள் நுழையும் இடத்தில் கோட்டை வாசல் போல இரண்டு பெரிய கட்டடங்கள், கீழே கடைகள், மேலே குடியிருப்புகள். இந்த ஊர் இன்னும் இப்படியே இருப்பதற்குக் காரணம் என்னவென்று நாலு நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்த கேள்விக்கு இந்தப் பக்கம் வந்தபோது பதில் தெளிவானது. ஆரம்பத்தில் டிரஸ்ட் நிலத்தை விற்கவில்லை, நீண்ட குத்தகைக்குத்தான் கொடுத்தது. குத்தகை நிபந்தனையைக் காட்டி எதையும் தடுக்க முடிந்தது. 1967-ல் வந்த சட்டம் குத்தகைதாரர்கள் நிலத்தைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தது. அதோடு ஊர் சிதறியிருக்க வேண்டும். ஆனால் அதே சட்டத்தில் இருந்த ஒரு வழியைப் பிடித்து, 1974-ல் உயர்நீதிமன்ற ஒப்புதலோடு ஒரு மேலாண்மைத் திட்டம் வாங்கினார்கள். அதனால் இன்றும் சொந்த வீடே ஆனாலும் ஜன்னலை மாற்ற, மரத்தை வெட்ட, முன்தோட்டத்தில் தளம் போட டிரஸ்டைக் கேட்க வேண்டும். குடியிருப்போர் சங்கம் வேறு 1911-லிருந்து விழிப்பாக இருக்கிறது.

இவ்வளவு கட்டுப்பாடு மூச்சு முட்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவருடைய வேலிச்செடி பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொந்தம் என்று ஒத்துக்கொள்வதுதானே ஒரே தெருவில் வாழ்வது. எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. ஜன்னலையும் மரத்தையும் காக்கச் சட்டத்தில் வழி கண்டுபிடித்தார்கள். அச்சுக்கோப்பவரின் வாடகையைக் காக்கவும் அதே பிடிவாதத்தோடு ஒரு வழி தேடியிருக்கலாம். முதலில் எழுதிய நிபந்தனைகளில் எல்லா வருமானக்காரர்களும் என்பதுதான் தலையானது. வேலியும் மரமும் அதற்குப் பின்னால் வந்தவை.

சித்தியையும் இன்று மாலை அழைத்துக்கொண்டு போனேன். எச்2 பஸ்ஸில் ஏறி, கை காட்டி நிறுத்தச் சொல்லி, ஆஸ்மன்ஸ் பிளேஸ் பக்கம் இறங்கினோம். ஒவ்வொரு வீட்டு ரோஜாவையும் நின்று நின்று பார்த்தார். "வாடகை எவ்வளவு இருக்கும்டா?" என்றுதான் முதலில் கேட்டார். சரியான கேள்வி.

நாளை காலை ஒயிட்சாப்பல் போகிறேன். டாயின்பீ ஹால் இன்னும் அதே இடத்தில் வேலை செய்கிறது, இலவசச் சட்ட உதவி உட்பட. வாடகைக்குத் திண்டாடுகிறவர்கள் இன்றும் அங்கே வந்து வரிசையில் நிற்கிறார்கள். இந்த ஊர் யாரை நினைத்துக் கட்டப்பட்டது என்று அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும்.